வளாக நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவது எப்படி: கிண்டி மாணவர்களை முன்னிட்டுச் சில வழிகள்

ஜூலையில் வகுப்புகள் சூடுபிடிப்பதற்குள் துறை அலுவலகத்தின் வெளியே உள்ள அறிவிப்புப் பலகையில் இடமில்லாமல் போய்விடும். சென்ற ஆண்டின் சுவரொட்டி மீதே இந்த ஆண்டினுடையதை ஒட்டியிருப்பார்கள். கருத்தரங்கு, பயிலரங்கு, சிம்போசியம், நிறுவனங்களின் அறிமுகக் கூட்டம், வெளிநாட்டு மேற்படிப்புக் கண்காட்சி என்று ஒன்றின் விளிம்பிலிருந்து இன்னொன்று எட்டிப் பார்க்கும். இது போதாதென்று வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் நாளொன்றுக்கு நாலைந்து பதிவு இணைப்புகள் வந்து விழும். மாணவர்களில் ஒரு சாரார் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டுப் பாதிக்கு மேல் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் சான்றிதழ் தருகிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போய் வருகிறார்கள்.

துறையின் வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் நேர்காணல் அறைகளின் வாசலில் நின்றிருக்கிறேன். ஒருமுறை இறுதியாண்டு மாணவர் ஒருவர் பிளாஸ்டிக் உறையிட்ட 23 சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். நேர்காணல் செய்தவர் கோப்பை நடுவில் பிரித்து, கையில் அகப்பட்ட ஒரு பயிலரங்கின் பெயரைச் சொல்லி, அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மாணவருக்கு மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது மட்டுமே நினைவில் இருந்தது. வெளியே வந்து அவரே இதைச் சொல்லிச் சிரித்தார்; ஆனால் அந்த வேலை கிடைக்கவில்லை. பதில் சொல்வதற்கு ஏதேனும் கொண்டுவர முடிகிற நிகழ்வாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் அந்த நாளில் நூலகத்தில் உட்காரலாம் என்பதே என் அளவுகோல். கீழே சொல்பவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதாம்.

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் வேலை, பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு மாதக் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருவது. நகைக்கடையோ மளிகைக்கடையோ கொடுத்த, கட்டங்கள் பெரிதாக உள்ள காலண்டர் போதும். கைப்பேசியில் குறித்து வைத்தால் அந்த நாள் காலையில்தான் அது மணியடிக்கும், சுவரில் இருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே கண்ணை உறுத்தும். நம்மால் மாற்ற முடியாதவற்றை அதில் முதலில் குறிக்க வேண்டும்: அகமதிப்பீட்டுத் தேர்வுகள், ஆய்வக ரெக்கார்டு ஒப்படைக்கும் நாள்கள், நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வரும் பருவத் தேர்வுகள். அதன் பிறகே நிகழ்வுகள்.

நிகழ்வு நடக்கும் நாளைவிட அதற்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் முக்கியம் என்பது பலருக்கும் இறுதியாண்டில்தான் உறைக்கிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. ஆனால் அதற்கான விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ திறந்து சில வாரங்களில் மூடிவிடும். மூன்றாம் ஆண்டிலேயே அதை எழுதலாம், மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் முதல் முயற்சியை மூன்றாம் ஆண்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கு, கோடை வெயிலின் நினைப்பே இல்லாத நவம்பர் வாக்கில், அடைமழைக்கும் பருவத் தேர்வுக்கும் நடுவே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு உங்களை அறிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்காலப் பயிற்சி உதவித்தொகைக்கான அறிவிப்பு பிப்ரவரி, மார்ச்சில் வரும். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கான டான்செட் தேர்வும், 2023 முதல் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கெனத் தனியாக நடக்கும் சீட்டா தேர்வும் அண்ணா பல்கலைக்கழகமே நடத்துபவை. இவற்றின் விண்ணப்ப அறிவிப்பும் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். இத்தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின்னாக நகரும் என்பதால், அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துச் சிவப்பு மையில் கடைசித் தேதியையும் நீல மையில் நிகழ்வு நாளையும் எழுதுங்கள். ஒவ்வொரு சிவப்புத் தேதிக்கும் பத்து நாள் முன்னதாகப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிய நாள் அதுதான். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஆசிரியர் அறைக் கதவைத் தட்டினால் கிடைப்பது பெயரை மட்டும் மாற்றிய பழைய கடிதமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, வருகைப்பதிவுக் கணக்கு. வாரத்துக்கு 4 மணி நேரம் வகுப்பு, 15 வாரம் என்றால் ஒரு பாடத்துக்கு 60 மணி நேரம். 75 விழுக்காடு வேண்டுமென்றால் 45 மணி நேரம் இருந்தாக வேண்டும். கையில் மிச்சம் 15 மணி நேரம். வியாழன், வெள்ளி என இரண்டு நாள் சிம்போசியத்துக்கு வெளியூர் போனால், அந்த இரு நாள்களிலும் வகுப்பு உள்ள பாடத்தில் 2 அல்லது 3 மணி நேரம் போய்விடும். ஒரு பருவத்தில் மூன்று முறை போனால் ஏறக்குறையப் பாதி கரைந்துவிடும். அக்டோபர் மழையில் வரும் காய்ச்சல் மீதியைக் கொண்டுபோகும். ஓ.டி. இருக்கிறதே, அதாவது வெளியே போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டூட்டி’ அனுமதி இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். ஓ.டி. கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தை நிகழ்வுக்கு முன்பே வாங்கி, திரும்பியதும் பங்கேற்புச் சான்றின் நகலை இணைத்து, வகுப்பு ஆலோசகரிடம் சேர்த்து, அது பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்தால்தான் அது ஓ.டி. போய்வந்த பிறகு கேட்பதற்குப் பெயர் விடுப்பு.

கருத்தரங்கில் மூன்றாவது வரிசை

கிண்டியில் படிப்பவர்களுக்கு வேறெந்த ஊர் மாணவருக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரியும், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும், கட்டடக்கலைப் பள்ளியும் ஒரே மதிற்சுவருக்குள் இருக்கின்றன. சர்தார் பட்டேல் சாலையிலேயே ஐ.ஐ.டி.யும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. தரமணிப் பக்கம் போனால் கணித அறிவியல் நிறுவனம். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். இந்த வட்டத்துக்குள் ஏதாவது ஓர் அரங்கில், கல்லூரி நடக்கிற நாள்களில் பெரும்பாலும் யாரோ ஒரு துறை வல்லுநர் பேசிக்கொண்டிருப்பார். பல பேச்சுகளுக்குக் கட்டணம் கிடையாது; மாணவர் அடையாள அட்டையும், தேவைப்படும் இடத்தில் முன்பதிவும் போதும்.

எப்போது என்ன நடக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். செப்டம்பர் 15 விஸ்வேஸ்வரய்யா பிறந்த பொறியாளர் நாள். அந்த வாரத்தில் பொறியியல் துறைகளில் சொற்பொழிவுகள் இருக்கும். அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். 1942-இல் தொடங்கப்பட்ட செப்டம்பர் 26-ஐ ஒட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். தோல் ஆராய்ச்சி நிலையமும் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமே. டிசம்பர் 22 இராமானுசன் பிறந்த தேசியக் கணித நாள். பிப்ரவரி 28, இராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்டதை நினைவுகூரும் தேசிய அறிவியல் நாள். இந்த நான்கையும் காலண்டரில் இப்போதே குறித்துவிடலாம். அழைப்பிதழ் வராவிட்டாலும் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

போவதற்கு முந்தைய இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச வருபவரின் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடி எடுத்து, அதன் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படியுங்கள். நடுவில் உள்ள சமன்பாடுகள் புரியவில்லை என்றால் கவலையில்லை. படித்ததில் எந்த இடத்தில் தடுக்கியதோ அதையே கேள்வியாகக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அரங்கில் கடைசி வரிசை கைப்பேசி பார்ப்பவர்களுக்கும் முதல் வரிசை விருந்தினர்களுக்கும் உரியவை. மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். கேள்வி நேரம் வந்ததும் பெயரையும் துறையையும் சொல்லி, ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுங்கள். பேச்சு மிக அருமை என்று தொடங்கித் தன் கருத்தை மூன்று நிமிடம் சொல்லிவிட்டு, கடைசியில் கேள்வியே இல்லாமல் உட்காருகிறவர்கள் எல்லா அரங்கிலும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள் என்பதை ஓர் ஆசிரியனாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குபவர்கள் கேள்வியை எழுதி வைத்து அப்படியே வாசிக்கலாம். அதை யாரும் குறைத்து மதிப்பதில்லை. அரங்கில் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றால் தேநீர் இடைவேளையில் பேச்சாளர் அருகே கூட்டம் குறையும் வரை காத்திருந்து கேளுங்கள். அன்றிரவே அவருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்: நீங்கள் யார், அவருடைய பேச்சில் எந்த இடம் உங்களைப் பிடித்தது, அதையொட்டி என்ன படிக்கலாம் என்ற ஒரே கேள்வி. முதல் கடிதத்திலேயே பயிற்சி இடம் கேட்காதீர்கள். அவர் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு மாதம் கழித்து எழுதும் இரண்டாவது கடிதத்தில் கேளுங்கள். அப்போது உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்கும்.

சிம்போசியமும் மாநாடும் ஒன்றல்ல

சிம்போசியம் என்று நம் கல்லூரிகளில் சொல்வது மாணவர் சங்கங்கள் நடத்தும் போட்டி விழா. கிண்டியில் 2007 முதல் நடந்துவரும் குருக்ஷேத்ரா, சாலையின் அந்தப் பக்கம் ஐ.ஐ.டி.யில் ஜனவரி மாதம் வரும் சாஸ்த்ரா ஆகியவை இந்த வகையில் பெரியவை. இவற்றில் ஆண்டுக்கு ஒன்றிலோ இரண்டிலோ ஆழமாகப் பங்கேற்றால் போதும்: ஒரு ரோபோவைச் செய்து கொண்டுபோவது, ஒரு நிரல் போட்டியில் இரவெல்லாம் விழித்திருப்பது, அல்லது நடத்தும் குழுவில் சேர்ந்து நூறு பேருக்குச் சாப்பாட்டு டோக்கன் கணக்குப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் நேர்காணலில் ‘நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது, 80 டோக்கன் அச்சடித்த இடத்தில் 130 பேர் வந்து நின்ற கதையைச் சொன்ன மாணவிக்கு வேலை கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வு மாநாடு வேறு. அங்கே கட்டுரையை முன்னதாக அனுப்ப வேண்டும், மதிப்பீட்டாளர்கள் படித்துக் குறை சொல்வார்கள், திருத்தி அனுப்பிய பிறகே இடம் கிடைக்கும். இந்தப் பெயரில் பணம் பறிக்கும் கூட்டங்களும் நடக்கின்றன. அனுப்பிய இரண்டே நாளில் ஒரு வரிக் குறையும் சொல்லாமல் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்தால், பொறியியல், மருத்துவம், மேலாண்மை, தமிழ் இலக்கியம் எல்லாம் ஒரே மாநாட்டில் இருந்தால், நேரில் வராவிட்டாலும் கட்டணம் கட்டினால் சான்றிதழ் உண்டு என்றால் விலகிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால், உங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர் எவரிடமாவது மாநாட்டின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிடும்.

வளாக நேர்காணல்

இறுதியாண்டின் முதல் பருவம் முழுவதையும் இதுவே விழுங்கிவிடும். அண்ணா பல்கலைக்கழக வளாகங்களில் இந்தப் பணியைக் கவனிக்கும் தொழில்துறைக் கூட்டு மையத்தை மாணவர்கள் சி.யு.ஐ.சி. என்றே சொல்வார்கள், மற்றக் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் செல். பெயர் எதுவானாலும், பதிவு செய்யும்போது கையெழுத்திடச் சொல்லும் விதிமுறைத் தாளை முழுக்கப் படியுங்கள். ஒரு வேலை கிடைத்தபின் அடுத்த நிறுவனத்துக்கு உட்காரலாமா, எவ்வளவு சம்பள வேறுபாடு இருந்தால் உட்காரலாம், நிலுவை அரியர் இருப்பவருக்கு என்ன நிபந்தனை, பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனால் என்ன தண்டனை என்பவை இடத்துக்கு இடம் மாறும். படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு அக்டோபரில் என் மேசை முன் கண் கலங்கி நின்றவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள்.

நிறுவனத்தின் அறிமுகக் கூட்டத்தை, மாணவர் மொழியில் பி.பி.டி.யை, வருகைக் கையெழுத்துக்காக உட்காரும் இடமாகப் பலர் கருதுகிறார்கள். உண்மையில் நீங்கள் நிறுவனத்தைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே இடம் அதுதான். எந்த ஊரில் பணி, பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அப்போது சம்பளம் எவ்வளவு, சேவை ஒப்பந்தம் உண்டா, உண்டென்றால் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று பணிவாகக் கேட்கலாம். இவற்றைக் கேட்டதற்காக எந்த நல்ல நிறுவனமும் ஒருவரை ஒதுக்கிப் பார்த்ததில்லை.

திரையில் காட்டும் சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் பணம் அல்ல. ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் 60,000 செயல்திறனுக்கேற்ற ஊக்கத்தொகை என்று வைத்துக்கொண்டால், அது ஆண்டு இறுதியில் முழுதாகவும் வரலாம், குறைவாகவும் வரலாம். நிறுவனம் உங்கள் வருங்கால வைப்புநிதியில் மாதம் 1,800 வீதம் போடும் 21,600 ரூபாயும் சி.டி.சி.க்குள் சேர்ந்திருக்கும். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் பணிக்கொடைக்கென்று சுமார் 14,400 ஒதுக்கிக் காட்டுவார்கள். இவை போக மீதி 5,04,000, மாதத்துக்கு 42,000. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்புநிதி 1,800-உம் தொழில் வரியும் பிடித்தம் போகக் கையில் கிடைப்பது 40,000 ரூபாயை ஒட்டி நிற்கும். காப்பீட்டுத் தொகையையும் அலுவலகப் பேருந்துக் கட்டணத்தையும் இதற்குள் அடக்கும் நிறுவனங்களும் உண்டு. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதானால் இந்த மாதத் தொகையை வைத்தே ஒப்பிட வேண்டும்.

சுயவிவரம் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு வெள்ளைத் தாளில் படமாக வரைந்து காட்ட உங்களால் முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாத வரியை அடித்துவிடுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு தாளையும் பேனாவையும் தள்ளி, உங்கள் புராஜெக்டின் கட்டப்படத்தைப் போடுங்கள் என்பார்கள். குழுவில் நாலு பேர் செய்த புராஜெக்டில் அறிக்கையைத் தட்டச்சு செய்தது மட்டுமே உங்கள் பங்கு என்றால் மூன்றாவது கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். ஆகவே ஜூன் மாதமே நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, வரைந்தபடியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதலில் தமிழிலேயே முழுக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழில் தடையின்றி வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவது இரண்டு வார வேலை. தமிழிலேயே தடுமாறினால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, பாடத்தில் இருக்கிறது.

எழுத்துத் தேர்வு, குழு விவாதம் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நாள்தோறும் அரை மணி நேரம் கடிகாரம் வைத்துக் கணக்குப் போடுவதைத் தவிரக் குறுக்கு வழி ஏதும் நான் கண்டதில்லை. கோப்பில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பருவ மதிப்பெண் பட்டியல்கள், அடையாள அட்டை ஆகியவற்றின் மூன்று மூன்று நகல்களும் ஆறு புகைப்படங்களும் எப்போதும் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடை திறந்திருக்காது.

வளாகத்துக்குள் நிறுவனங்கள் அதிகம் வராத கல்லூரிகளில் படிப்பவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும், 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளையும் காலண்டரில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இம்முகாம்களில் கலந்துகொள்ளக் கட்டணம் இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக்கான முன்பணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த வேலை வேலையே அல்ல.

நிகழ்வு முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் சட்டையை மாற்றுவதற்கு முன் குறிப்பேட்டில் ஐந்து வரி எழுதிவிடுங்கள்: தேதி, இடம், யாரிடம் பேசினேன், என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியின் எதிரே ஒரு கட்டம் போட்டு வைத்து, பதிலைத் தேடிப் படித்த நாளில் அதில் சரிக்குறி இடுங்கள். அடுத்த நிறுவனத்துக்குக் கிளம்பும் காலையில் கோப்பில் உள்ள சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டிருக்காமல், காலியாக உள்ள கட்டங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.